பாறணை நாளில் ஒரு படம்

ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் வெள்ளிக்கிழமை தோறும் தேவாரம் பாடக் கூடும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார், அண்ணர்மார், தம்பி தங்கையருக்கு,

கந்தசஷ்டி நெருங்குகிறது. போன வெள்ளிக்கிழமை பஞ்சபுராணம் பாடி முடித்துத் திருநீறு வாங்கிய பிறகு, விரத நாட்களை எப்படிக் கழிப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். "ஆறு நாளும் வீட்டில் டீவி போடக்கூடாது. படமும் நாடகமும் மனதைக் கெடுக்கிற சாமான்கள்" என்று ஒரு அண்ணர் சொன்னார். பலரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

அன்றிரவு எங்கள் கட்டடத்து எலிவேற்றரில் என்னோடு ஒரு அக்கா மட்டும் வந்தா. கதவு மூடியதும் மெல்லக் கேட்டா: "தங்கச்சி, நான் பின்னேரத்தில் தனிய. மகன் வேலையால் வரப் பத்து மணியாகும். ஒரு படத்தைப் போட்டுப் பார்ப்பன். சிரிப்பன், அழுவன். பிறகு சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் படுப்பன். இது இரண்டும் ஒன்றோடொன்று சேராதோ?" அவவின் மாடி வந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி ஒரு கிழமையாக என்னை விடவில்லை. இந்த மடல் அவவுக்கான பதில். அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் வைத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. முழங்கால் ஏலாது. நல்லூருக்குப் போவது இனி நடக்கிற காரியமில்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளையும் அவ விடுவதில்லை. அங்கே காலை ஏழு மணி என்றால் எங்களுக்கு முந்திய நாள் இரவு ஒன்பதரை. தேர்த்திருவிழாவன்று அம்மா பின்னேரமே முழுகி, வெளுத்த சேலை உடுத்து, தொலைக்காட்சிக்குக் கீழே சின்ன விளக்கொன்று ஏற்றி வைத்துக் காத்திருப்பா. ஆறுமுகசுவாமி வெளியே எழுந்தருளும் காட்சி திரையில் வந்ததும் கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பி நிற்பா. இரண்டு கையும் தலைக்கு மேலே போகும். நல்லூர் வீதியில் கேட்கும் அரோகரா லோரன்ஸ் வீதியோரத்து எங்கள் எட்டாம் மாடியிலும் கேட்கும். அந்த நேரத்தில் அம்மா டீவி பார்த்தா என்று யாராவது சொல்வோமா? அம்மா தேர் பார்த்தா.

இதைக் கேட்ட எங்கள் கட்டடத்துக் கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தி புனித கிளாராவைப் பற்றிச் சொன்னா. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அசிசி நகரில் வாழ்ந்த துறவி அவர். ஒரு நத்தார் இரவு நோயினால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மற்றச் சகோதரிகள் எல்லோரும் பூசைக்குப் போய்விட்டார்கள். தனித்துக் கிடந்த கிளாராவுக்குக் கோயிலில் நடந்த பூசை கண்ணிலும் காதிலும் வந்து சேர்ந்ததாம். அவருடைய அறைச் சுவரிலேயே அதைக் கண்டார் என்று மரபு சொல்கிறது. அதை நினைத்துத்தான் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1958இல் கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். எழும்ப ஏலாத ஒருவருக்குச் சுவரே கோயிலாகும் என்பதை அசிசியும் அறிந்திருக்கிறது, எங்கள் எட்டாம் மாடியும் அறிந்திருக்கிறது.

"அது கோயில் ஒளிபரப்பு. சினிமா வேறு" என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, அங்கே வருகிறேன்.

எங்கள் சமயம் கண்ணால் வளர்ந்த சமயம். கோயிலுக்குப் போவதைத் தரிசனம் என்கிறோம். சுவாமி பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறோம். நாங்கள் விரதமிருக்கும் இதே சஷ்டியின் முடிவு என்ன? சூரன்போர். சூரனைத் தோளில் தூக்கி ஆட்டுவார்கள். யானைமுகம் விழும், சிங்கமுகம் வரும். மாமரமாய் நிற்பான். சேவலும் மயிலுமாய் ஆவான். எட்டிப் பார்க்கும் குழந்தை அப்பாவின் தோளில் இருந்து பயந்து வீரிடும், அடுத்த கணம் கைதட்டும். எல்லோருக்கும் முடிவு தெரிந்த கதை அது. ஆனாலும் வருசா வருசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். பேர்ச்மவுண்ட் வீதிக் கந்தசுவாமி கோயிலில் குளிருக்குக் கனத்த ஜக்கெற் போட்டுக்கொண்டு நிற்கும்போதும் அதே மூச்சுத்தான். சூரன்போர் பார்க்காமல் சஷ்டி நிறைவாகாது என்று நம்பும் நாங்கள், பார்ப்பதே குற்றம் என்று எப்படிச் சொல்வது?

ஊரில் கோயில் மண்டபத்தில் புராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் பயன் சொல்லுவார். எங்கள் வாழ்வையே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு அழைத்தார். அதாவது, ஒரு கதையைக் கூடியிருந்து கேட்டுக் கேட்டே ஒரு சனம் தன்னை உருவாக்கிக்கொண்டது. அதே கோயில் வீதியில் விடிய விடியக் கூத்தும் நடந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை நேரில் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான தடவை மேடையேறிய கூத்து அது. பிள்ளையின் உடலைச் சுமந்து வரும் சந்திரமதியிடம், சுடலை காக்கும் கணவன் கடமை தவறாமல் கூலி கேட்கும் இடத்தில், எத்தனை பேர் சால்வையால் முகத்தை மூடி அழுதிருப்பார்கள்! பொய் சொல்லக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் அன்று உபதேசம் செய்யவில்லை. அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த அரிச்சந்திரன் போன தூரத்தை எண்ணினால் எனக்கு வியப்பாக இருக்கும். ராஜ்கோட்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தகப்பனிடம் அனுமதி வாங்கி அரிச்சந்திர நாடகம் பார்க்கப் போனான். அது அவனைப் பிடித்துக்கொண்டது. தனக்குள்ளேயே அதைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்தான். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருக்கக்கூடாது என்று இரவு பகலாக யோசித்தான். அந்தப் பையன்தான் காந்தி. தம் சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார். ஊர் ஊராகப் படம் காட்டித் திரிந்தவர்களிடம், கண் தெரியாத பெற்றோரைத் தோளில் சுமந்து யாத்திரை போகும் சிரவணனின் படத்தைப் பார்த்தது மனதில் பதிந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஒரு நாடகமும் ஒரு படமும் எட்டிய ஆழம் அது.

அதே அரிச்சந்திரன் திரைக்கும் வந்தான். தாதாசாகிப் பால்கே பம்பாயில் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இப்படி எங்கள் கண்ணனும் இராமனும் திரையில் வரும் நாள் எப்போது என்ற ஏக்கம் அவருக்குள் எழுந்தது. அந்த ஏக்கத்தின் பிள்ளைதான் 1913இல் வெளியான 'ராஜா அரிச்சந்திரா'. இந்தியாவின் முதல் முழுநீளப் படமே, வேறொரு சமயத்தாரின் படத்தைப் பார்த்து உருகிய பக்தர் ஒருவரின் கண்ணிலிருந்து பிறந்தது. சினிமா எங்கள் சமயத்துக்கு வெளியிலிருந்து வந்த பகை என்று இனிமேல் எப்படி நினைப்பது?

மேடையையும் ஆடலையும் பற்றிய அச்சம் எங்களுக்குப் பழையது என்பதும் எனக்குத் தெரியும். ஆறுமுக நாவலர் கோயில்களில் நடந்த சதிராட்டங்களைக் கடுமையாகக் கண்டித்தார். சந்நிதியில் நிற்பவனின் மனம் சந்நிதியில்தான் நிற்க வேண்டும் என்ற அக்கறை அவருடையது. அந்த அக்கறையை நான் வணங்குகிறேன். நாவலர் மறைந்தது 1879இல். ஐந்து ஆண்டு கழித்து, 1884 செப்டெம்பர் 21 அன்று, கல்கத்தாவின் ஸ்டார் நாடக அரங்குக்கு ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் போனார். கிரிஷ் சந்திர கோஷ் எழுதிய 'சைதன்ய லீலை' நடந்தது. சைதன்யராக நடித்தவர் பினோதினி தாசி. மதிப்பானவர்கள் என்று தம்மை எண்ணிக்கொண்டவர்கள் பலர், நடிகைகள் இருக்கும் அந்த அரங்கின் வாசலையே மிதிக்காத காலம் அது. பரமஹம்சர் உள்ளே போய் இருந்து பார்த்தார், உருகினார், தம்மை மறந்தார். முடிந்ததும் அந்த நடிகையை ஆசீர்வதித்தார். நடிப்பையும் மெய்யையும் வேறுபடுத்தாமல் கண்டதாகச் சொன்னார். நாவலரின் அக்கறை, பரமஹம்சரின் கண் ஆகிய இரண்டுமே எங்களுக்கு வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் வறண்டுபோவோம்.

சரி, பக்திப் படம் மட்டும் பார்க்கலாமா? 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தை விரும்பாதவர் நம்மில் இல்லை. அதில் எந்தக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம்? நாகேஷ் தருமியாக வந்து தனியே புலம்பும் காட்சி. வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே, பசியோடு நிற்கும் ஒரு ஏழைக்காக இறைவன் தானே பாட்டெழுதிக் கொடுக்க இறங்கி வருகிறான் என்ற உண்மையும் எங்களுக்குள் இறங்கிவிட்டது. சிரிப்பு அதற்குத் தடையாக இருக்கவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணியபோது நகையைத்தான் முதலில் வைத்தார். பிறகுதான் அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மனித மனம் முழுவதும் அந்த எட்டுக்குள் இருக்கிறது. கடவுளுக்கு முன்னால் கொண்டுபோக எங்களிடம் இந்த மனத்தைத் தவிர வேறென்ன உண்டு?

ஆயிரம் ஆண்டுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த சைவ ஆசாரியர் அபிநவகுப்தர், பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு உரை எழுதினார். அரங்கில் ஒருவன் துன்பப்படுவதைப் பார்க்கும்போது, அது அவனுடைய துன்பமாகவும் இருப்பதில்லை, என்னுடையதாகவும் இருப்பதில்லை. நான், எனது என்ற வேலி கொஞ்ச நேரம் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சுவை பேரானந்தத்துக்குப் பக்கத்து வீடு என்பது அவர் மரபின் தெளிவு. ஆணவம் இளகாமல் அருள் இல்லை என்று படித்த எங்களுக்கு இது அந்நியமான பேச்சா? படம் பார்த்து அழும் அக்காவே, அந்த நேரத்தில் உங்களிடம் இளகியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

என்னை அப்படி இளக்கிய ஒரு படம், 2003இல் வந்த 'அன்பே சிவம்'. அது சாமிப்படம் அல்ல. திருமூலர் காட்டிய உண்மையைத் தலைப்பாக வைத்தவர்கள் கதையில் கோயிலைக் காட்டிப் பக்தி ஊட்டவில்லை. மழை வெள்ளத்தால் வழியில் சிக்கிய இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்கள், சென்னை நோக்கிச் சேர்ந்து வருகிறார்கள். விபத்தில் அடிபட்ட முன்பின் தெரியாத ஒரு சிறுவனுக்காக இளையவன் உடைந்து அழும் இடத்தில், மற்றவர் அவனைக் கடவுள் என்று கண்டுகொள்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்த இரவு நான் பாடிய தேவாரத்துக்கு வேறு ஈரம் இருந்தது.

இன்னொரு படம், 1999இல் வந்த 'த கப்'. அதை எடுத்தவர் கியென்ட்சே நோர்பு. அவரே பௌத்த லாமா. இந்தியாவின் இமயமலை அடிவாரத்தில் இருக்கும் திபெத்திய மடம் ஒன்றில், இளந்துறவிகளுக்கு 1998 உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்க்க ஆசை. தொலைக்காட்சிப் பெட்டியை வாடகைக்கு எடுக்கக் காசு போதவில்லை. புதிதாக வந்த அகதிப் பையனின் கைக்கடிகாரத்தை, அவன் தாயின் நினைவாக வைத்திருப்பதை, ஈடு வைக்கிறார்கள். ஆட்டம் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் தலையாக நின்ற பையனுக்கு ஆட்டத்தில் மனம் செல்லவில்லை. கடிகாரம் கொடுத்தவனின் சோர்ந்த முகம்தான் தெரிகிறது. எழும்பிப்போய், அதை மீட்க என்ன விற்கலாம் என்று தன் சாமான்களைக் கிளறுகிறான். மடத்தின் கண்டிப்பான மூத்த துறவி, இவனிடம் நல்ல துறவி இருக்கிறான் என்பதை அங்கேதான் கண்டுகொள்கிறார்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல் அந்தப் பையனிடம் கற்றது. திரையைப் பார்த்த கண் பக்கத்தில் இருப்பவரின் முகத்தையும் பார்க்கிறதா? பார்த்தால் அந்தப் படம் எனக்கு வழிபாடு. பார்க்காவிட்டால், எந்தச் சாமி வந்தாலும் அது வெறும் வெளிச்சம்.

இந்த அளவுகோலை எடுத்தால் அண்ணர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. யுத்த காலத்தில், கரண்ட் இல்லாத எங்கள் ஒழுங்கையில், காசு சேர்த்து டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் விடிய விடிய மூன்று படம் பார்த்தோம். ஒரு பாய், ஒரு சுளகில் கச்சான். ஒருவர் அழ எல்லோரும் அழுதோம். இன்று வீட்டுக்கு நாலு திரை, நாலு கதவு. ஒரு நாடகம் முடிந்து மற்றது தானாகவே தொடங்குகிறது. மாமியும் மருமகளும் ஒருவருக்கொருவர் குழி பறிக்கும் கதையை நாள்தோறும் இரண்டு மணி நேரம் பார்த்த பிறகு, சொந்த மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது அவளுடைய முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்த நாள் எனக்கு உண்டு. அன்று நான் அழுதேன். அப்படிப்பட்ட நாடகங்களை அன்றோடு நிறுத்தினேன். படத்தை நிறுத்தவில்லை.

ரமண மகரிஷி ஒரு சினிமாத் திரையை உவமையாகச் சொல்லுவார். திரையில் நெருப்பு எரிகிறது, திரை கருகுவதில்லை. வெள்ளம் வருகிறது, திரை நனைவதில்லை. படங்கள் வந்து போகின்றன, திரை அப்படியே இருக்கிறது. ஆன்மாவும் அப்படி என்பார். 1930களில் பேசும்படம் தமிழுக்குப் புதிது. அருணாசலத்தின் அடியில் கோவணத்தோடு இருந்த ஞானி அந்தப் புதுப்பொருளைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. எடுத்து விளக்காக ஏற்றிவைத்தார். அதிலிருந்து ஒரு பழக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். படம் முடிந்ததும் உடனே எழும்புவதில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கறுத்த அந்தத் திரைக்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா இருப்பேன். எவ்வளவு ஆர்ப்பாட்டம் அதில் நடந்தது! இப்போது ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த நான் இருக்கிறேன். அந்த ஐந்து நிமிடம் எனக்குத் தியானத்தின் வாசற்படியாக இருக்கிறது.

பேரப்பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் பாசம் இருக்கிறது, மொழி குறைவு. மிசிசாகாவில் வளர்ந்த எங்கள் பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணன் நடித்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர் 2020இல் நெட்பிளிக்ஸில் வந்தது. அந்தக் கதை, ஒரு பள்ளிக்கூடப் பெண் வீட்டுச் சாமியறையில் நின்று வேண்டிக்கொள்வதில்தான் தொடங்குகிறது. அவள் கேட்கும் வரங்கள் எங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் தகப்பனை இழந்த பிள்ளையின் துயரம் அதற்குக் கீழே ஓடுகிறது. என் பேத்தியோடு இருந்து அதைப் பார்த்த நாளில்தான், "அம்மம்மா, நீங்கள் சாமியிட்ட என்ன கேட்பீங்கள்?" என்று அவள் முதன்முறையாக என்னைக் கேட்டாள். பத்து வருசம் பஞ்சபுராணம் சொல்லிக்கொடுத்தும் வராத கேள்வி அது.

இனி என் வேண்டுகோள். சஷ்டி ஆறு நாளும் தொலைக்காட்சியை நிறுத்துவோம், அண்ணர் சொன்னது போலவே. நானும் நிறுத்துகிறேன். ஆனால் ஒன்றை மறக்காமல் நிறுத்துவோம். ஆறு நாள் சோற்றைத் தள்ளி வைக்கிறோம். சோறு பாவம் என்று யார் சொன்னார்? ஏழாம் நாள் பாறணையில், அதே சோற்றைக் கும்பிட்டு, கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கி உண்கிறோம். முதல் கவளத்தின் ருசி வருசம் முழுவதும் நாக்கில் நிற்கிறது. விரதம் சோற்றின் அருமையை எங்களுக்குத் திருப்பித் தருகிறது. படத்தையும் அப்படியே தள்ளி வைப்போம், அப்படியே திரும்ப வாங்குவோம்.

பாறணையன்று பின்னேரம், கீழே பார்ட்டி ரூமில் எல்லோரும் கூடுவோம். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும் காலம் அது. தனியாக இருப்பவர்களுக்கு நீளமான காலம். முதல் படமாக 2021இல் வந்த 'ஸ்காபரோ'வைப் பார்ப்போம் என்பது என் விருப்பம். கேத்தரின் ஹெர்னாண்டஸ் எழுதிய நாவலை ஷாஷா நகாயும் ரிச் வில்லியம்சனும் படமாக்கினார்கள். கனடாவின் சிறந்த படத்துக்கான விருதை 2022இல் அது பெற்றது. வறுமையில் வளரும் மூன்று குழந்தைகள், அவர்களுக்குப் படிப்பும் சாப்பாடும் கொடுத்து அணைக்கும் முக்காடிட்ட ஒரு முஸ்லிம் பெண். எங்கள் பக்கத்து வீதிகளின் கதை. லோரன்ஸ் வீதியில் அரபு பேக்கரியில் ரொட்டி வாங்குகிறோம், 54ஆம் இலக்க பஸ்ஸில் பிலிப்பினோத் தாய்மாருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். முகம் தெரியும், வாழ்க்கை தெரியாது. படம் முடிந்து அடுத்த நாள் அந்த பஸ்ஸில் ஏறும்போது எங்கள் பார்வை மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பிறகு மாதம் ஒரு தடவை தொடர்வோம். லோரன்ஸ் வீதியில் இருக்கும் மக்கிரெகர் பார்க் நூலகக் கிளையில் அட்டை இருந்தால் டிவிடி இலவசமாக எடுக்கலாம். தொடங்க முன் ஒரு திருப்புகழ். கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரு தட்டில். படம் முடிந்ததும் ஐந்து நிமிட மௌனம். அதற்குப் பிறகு, ஊர்க் கோயிலில் பயன் சொன்னது போல, ஒவ்வொருவரும் மனதில் தைத்த ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லட்டும், நாங்கள் தமிழில் கேட்டு விளங்கிக்கொள்வோம். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் கூட்டி வருவோம். என் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும்.

எலிவேற்றரில் கேட்ட அக்காவுக்கு: சேரும் அக்கா. நீங்கள் படத்தில் அழுத கண்ணும் சாமிப்படத்துக்கு முன்னால் மூடிய கண்ணும் ஒரே கண்தான். அதை முருகன் அறிவான். பாறணையன்று பின்னேரம் நாலரைக்கு உங்கள் கதவைத் தட்டுவேன். வெளிக்கிட்டு நில்லுங்கோ.

அன்புடன்,
உங்கள் கூட்டுவழிபாட்டில் ஒருத்தி,
வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ